கோஷே நோய்: நொதி ஊசியா, மாத்திரையா, மஜ்ஜை மாற்றா?

2023 நவம்பர் வரை, உடல் செல்களில் ஒருவகைக் கொழுப்பு தேங்கும் அரிய பரம்பரை நோயான கோஷே நோய்க்கு எந்த மருத்துவம் நல்லது என்ற கேள்விக்கு இந்தியாவில் பெரிய இடமில்லை. எது இலவசமாகக் கிடைத்ததோ அதுதான் மருத்துவம். கிடைக்காதவர்களுக்கு ரத்தம் ஏற்றினார்கள், சிலருக்கு மண்ணீரலை எடுத்தார்கள். அந்த நவம்பரில்தான் எலிக்ளுஸ்டாட் என்ற மாத்திரை மருந்து உள்நாட்டிலேயே தயாராவதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. இறக்குமதி மருந்துக்கு ஆண்டுக்கு 1.80 கோடி முதல் 3.60 கோடி ரூபாய் வரை ஆன செலவு, 3 லட்சம் முதல் 6 லட்சம் ரூபாய்க்கு இறங்கும் என்றது அறிவிப்பு.

அதிலிருந்து இரண்டு கேள்விகள் ஓயாமல் வருகின்றன. "நொதி ஊசியில் இருக்கிறோம், மாத்திரைக்கு மாறலாமா?" என்பது ஒன்று. "இப்போதுதான் நோய் என்று தெரிந்தது, எதில் தொடங்குவது?" என்பது மற்றது. விலையை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் சிலருக்குச் சரியாகப் போகும், சிலருக்கு ஆபத்தாக முடியும். யாருக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் மருத்துவமனைச் சீட்டில் 'காச்சர்' என்று எழுதியிருந்தாலும் அது இதே நோய்தான்.

## சர்க்கரை ஒட்டிய கொழுப்பு எங்கே தேங்குகிறது

நம் செல்களின் வெளிப்படலத்தில் சர்க்கரை ஒட்டிய கொழுப்புகள் உண்டு. கொழுப்புப் பகுதி படலத்துக்குள் புதைந்திருக்கும், சர்க்கரைப் பகுதி வெளியே நீட்டியிருக்கும். ஏ, பி என்று ரத்த வகையைப் பிரிக்கும் அடையாளங்களில் ஒரு பகுதி இவைதான். காலரா நச்சு குடல் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஜிஎம்1 கொழுப்பும் இந்தக் குடும்பம்தான். குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு முதல் படி குளுக்கோசில்செரமைடு, அதாவது செரமைடு என்ற கொழுப்போடு ஒரே ஒரு குளுக்கோஸ். செல்லுக்குள் இருக்கும் கோல்கி என்ற உறுப்பில் ஒரு நொதி இந்த முதல் குளுக்கோஸைச் சேர்க்கும். பிறகு அதன்மேல் மற்ற சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கோக்கப்படும்.

பழைய செல்கள் அழிக்கப்படும்போது இது தலைகீழாக நடக்கும். செல்லின் கழிவுகளை உடைக்கும் பையான லைசோசோமுக்குள் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் மறுபடியும் குளுக்கோசில்செரமைடு மிஞ்சும். அதைப் பிரிக்கும் நொதியின் பெயர் குளுக்கோசெரிப்ரோசிடேஸ். அந்த நொதிக்கான ஜிபிஏ1 மரபணு அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பழுதாக வந்தால் அந்தக் கடைசி வெட்டு நடக்காது. பழைய ரத்த அணுக்களை விழுங்குவதே வேலையாக இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் கொழுப்பு தேங்கும். நுண்ணோக்கியில் அவை கசங்கிய காகிதம் போலத் தெரியும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மூன்றும் அடிபடுவது அதனால்தான். நோயை 1882இல் முதலில் விவரித்தவர் பிரான்சின் பிலிப் கோஷே. எந்த நொதி குறைகிறது என்பதை 1965இல் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடியின் குழு காட்டியது.

ஆக, மருத்துவத்துக்கு இரண்டு வழி. பிரிக்கும் நொதியை வெளியிலிருந்து கொடுத்துக் கொழுப்பின் செலவைக் கூட்டலாம். அல்லது சேர்க்கும் நொதியைத் தடுத்து வரவைக் குறைக்கலாம். வரவை முழுக்க நிறுத்த முடியாது. இந்தக் கொழுப்பு இல்லாமல் தோலின் நீர்த்தடுப்பும் நரம்பு செல்களும் சரியாக அமையாது. சேர்க்கும் நொதியின் மரபணுவை முற்றிலும் நீக்கிய எலிகள் கருவிலேயே இறந்தன. அதனால் மாத்திரை வழியில் எப்போதும் கொஞ்சம் வரவு இருந்துகொண்டே இருக்கும், அதைப் பிரிக்க நோயாளியின் சொந்த நொதியில் மிச்சம் மீதி வேலை செய்தாக வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோயின் வகை. வகை 1 மூளையைத் தொடாது. வகை 2 கைக்குழந்தைப் பருவத்திலேயே மூளையைக் கடுமையாகத் தாக்கும். வகை 3 மெதுவாகத் தாக்கும். வகை 3இன் முதல் தடயம் பெரும்பாலும் கண்ணில் தெரியும்: பக்கவாட்டில் எதையாவது பார்க்கக் குழந்தை கண்ணைத் திருப்பாமல் தலையை வெட்டித் திருப்பும், அல்லது கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திருப்பும். பார்வை மங்கல் என்று கண்ணாடிக் கடையில் முடிந்துபோகக்கூடிய விஷயம் இது. நரம்பியல் மருத்துவர் பார்த்து, 'இல்லை' என்றாலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரபணு மாற்றம். ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படும் என்370எஸ் மாற்றம் ஒரு பிரதி இருந்தாலே மூளை தப்பிக்கும். இந்தியாவில் அதிகம் காணப்படுவது எல்444பி. அது இரண்டு பிரதியாக இருந்தால், இன்று நரம்புக் குறி எதுவும் இல்லாவிட்டாலும் வகை 3 என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளின் நல்ல முடிவுகளை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாததற்கு முதல் காரணம் இதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிபிஏ1 மரபணுவுக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே எழுத்துகள் கொண்ட ஒரு செயலற்ற போலி மரபணு இருக்கிறது. பொதுவான மரபணுப் பரிசோதனை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். 'போலி மரபணுவைப் பிரித்துப் படித்தீர்களா?' என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். நோயை உறுதி செய்வது மரபணு அறிக்கை மட்டுமல்ல, வெள்ளணுக்களில் அளந்த நொதியின் அளவும் குறைவாக இருக்க வேண்டும்.

வயது, எடை, கர்ப்பத் திட்டம். ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. மாத்திரைகள் முதலில் பெரியவர்களுக்காகவே அனுமதி பெற்றவை.

கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகம். எலிக்ளுஸ்டாட்டுக்கு மட்டும் தேவை. கீழே விரிவாகப் பார்ப்போம்.

எலும்பின் நிலை. தொடை எலும்புத் தலை ரத்தமின்றி ஏற்கெனவே செத்திருந்தால் எந்த மருந்தும் அதை மீட்காது. எம்ஆர்ஐ எடுத்து இன்றைய நிலையைப் பதிவு செய்யாமல் மருந்து தொடங்கினால், பின்னால் மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு செய்ய நேரும்.

தடையில்லா வரத்து. மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே அதிக எடை கொடுக்கிறோம். இது வாழ்நாள் மருந்து. ஓராண்டு சிறந்த மருந்து, அடுத்த ஓராண்டு ஒன்றுமில்லை என்றால் தேக்கம் திரும்பிவிடும்.

## நொதி ஊசி

1991இல் வந்த முதல் மருந்து மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கே ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994இல் இமிக்ளூசரேஸ் வந்தது, சீன வெள்ளெலியின் செல்களில் வளர்த்தெடுப்பது. வெலாக்ளூசரேஸ் 2010இல் மனித செல்களிலும், டாலிக்ளூசரேஸ் 2012இல் கேரட் செல்களிலும் தயாராகி வந்தன. மூன்றிலும் ஒரே சூத்திரம்: நொதியின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலி மேனோஸில் முடிய வேண்டும். மேக்ரோஃபேஜ் மேனோஸைப் பிடித்து விழுங்கும். அப்படி முடியாவிட்டால் நொதியின் பெரும்பகுதி கல்லீரலின் சாதாரண செல்களுக்குப் போய் வீணாகும். பலனில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது தொடர்ந்து கிடைக்கிறதோ அதை எடுக்கலாம்.

அளவு கிலோவுக்கு 15 முதல் 60 யூனிட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 1 முதல் 2 மணி நேரம் சொட்டுசொட்டாக. கணக்கு இப்படிப் போகும். 20 கிலோ குழந்தைக்கு 60 யூனிட் வீதம் 1,200 யூனிட், 400 யூனிட் குப்பி 3. ஆண்டுக்கு 26 முறை, 78 குப்பி. 50 கிலோ பெரியவருக்கு அதே வீதத்தில் 3,000 யூனிட், 7.5 குப்பி, அதாவது 8. ஆண்டுக்கு 208 குப்பி. மறைந்திருக்கும் முதல் செலவு இந்த அரைக் குப்பிதான். 22 கிலோ குழந்தைக்கு 1,320 யூனிட் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் நான்காவது குப்பியைத் திறந்து 280 யூனிட்டைக் கொட்டத் தேவையில்லை. இரண்டு முறை 3, அடுத்த முறை 4 என்று மாற்றிப் போட்டாலே சராசரி சரியாக வரும். மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

குப்பிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. வீட்டு ஃபிரிட்ஜில் உறைபெட்டியை ஒட்டி வைத்த குப்பி உறைந்து கெடும். முடிந்தவரை மருத்துவமனை மருந்தகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். கலக்கும்போது குப்பியைக் குலுக்கக் கூடாது, நொதி புரதம் நுரைத்துச் சிதையும். 400 யூனிட் இமிக்ளூசரேஸ் குப்பிக்கு 10.2 மில்லி ஊசிநீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, உப்புநீரில் 100 முதல் 200 மில்லியாக்கி, வடிகட்டி பொருத்திய குழாயில் ஏற்றுவது வழக்கம்.

இமிக்ளூசரேஸ் பெறுபவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு முதல் ஆண்டுக்குள் எதிர்ப்புப் புரதம் உருவாகும். அவர்களில் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, காய்ச்சல் வரலாம். வேகத்தைக் குறைத்து, ஒவ்வாமை மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். கடும் ஒவ்வாமை அரிது, ஆனால் அதற்காகவே முதல் சில ஊசிகள் மருத்துவமனையில்தான் போட வேண்டும். ஊசி குத்த ரத்தக்குழாய் கிடைக்காத சிறு குழந்தைகளுக்கு நெஞ்சில் போர்ட் (தோலுக்கடியில் பதிக்கும் ஊசிவாய்) வைத்தால் ஊசி எளிதாகும். பதிலுக்குத் தொற்று அபாயம் வரும்.

ஊசி மூளைக்குள் போகாது. எலும்புக்கும் மெதுவாகத்தான் போகும். ஆனால் முப்பதாண்டு அனுபவம் இருக்கிறது. இரண்டு வயதிலேயே தொடங்கலாம், கர்ப்பத்திலும் தொடரலாம், மற்ற மருந்துகளோடு மோதாது.

இதன் பலவீனம் வரத்து. 2009 ஜூனில் அமெரிக்காவின் ஆல்ஸ்டனில் இமிக்ளூசரேஸ் தயாரித்த ஜென்சைம் ஆலையின் வளர்ப்புக் கலன்களில் ஒரு வைரஸ் புகுந்து உற்பத்தி நின்றது. உலகம் முழுவதும் நோயாளிகள் அளவைக் குறைக்கவும் ஊசியைத் தள்ளிப்போடவும் நேர்ந்தது. அப்போது உலகில் பெரும்பாலோர் நம்பியிருந்தது அந்த ஒரே மருந்தைத்தான். இந்தியாவில் சிக்கல் வேறு வடிவத்தில் வரும். தேசிய அரிய நோய்க் கொள்கையில் (2021) வகை 1உம், நரம்புப் பாதிப்பு பெரிதாக இல்லாத வகை 3உம் சேர்ந்துள்ளன. ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பணம் குடும்பத்தின் கைக்கு வராது, அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்துக்குத்தான் போகும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படிப்பட்ட மையங்களில் ஒன்று. 50 லட்சம் என்பது மொத்த வரம்பு. குழந்தை வளர வளர எடை கூடும், குப்பி கூடும், பணம் தீரும் நாள் முன்னால் வரும். தொடங்கும்போதே அந்த நாளைக் கணக்கிட்டு, அதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்த ஏற்பாட்டுக்கு (நிறுவனங்களின் இலவச மருந்துத் திட்டம், மாநில உதவி, நீதிமன்றம்) மனு போட வேண்டும்.

## எலிக்ளுஸ்டாட் கேப்சூல்

2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சேர்க்கும் நொதியைத் தடுக்கும். இதுவரை மருந்தே எடுக்காத 40 பேரிடம் நடந்த சோதனையில், 9 மாதத்தில் மண்ணீரல் 28 சதவீதம் சுருங்கியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்தது. ஊசியில் நிலைத்திருந்த சுமார் 160 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், மாத்திரைக்கு மாறியவர்களில் 85 சதவீதம் பேரும் ஊசியிலேயே தொடர்ந்தவர்களில் 94 சதவீதம் பேரும் ஓராண்டு முடிவில் நிலையாக இருந்தார்கள். மாறிய ஏழில் ஆறு பேருக்குக் குறையில்லை. அந்த ஏழாவது ஆள் யார் என்று கண்டுபிடிக்கத்தான் தொடர் பரிசோதனை.

இதன் பெரிய நிபந்தனை சிஒய்பி2டி6 என்ற கல்லீரல் நொதி. அந்த மரபணுவைப் படித்து நான்கில் எந்த வகை என்று தெரிந்த பிறகே மருந்து எழுத முடியும். சாதாரண வேகத்திலோ நடுத்தர வேகத்திலோ உடைப்பவர்களுக்கு 84 மில்லிகிராம் தினம் இருமுறை. மந்தமாக உடைப்பவர்களுக்கு ஒருமுறை. மிக வேகமாக உடைப்பவர்களுக்கு இந்த மருந்து ரத்தத்தில் நிற்கவே நிற்காது, அதனால் அவர்களுக்கு இது கிடையாது. மிக வேகம் என்பது பெரும்பாலும் மரபணுவின் பிரதி எண்ணிக்கை கூடுவதால் வருவது. மலிவான பரிசோதனைகள் சில எழுத்து மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு 'சாதாரணம்' என்று எழுதிவிடும். அறிக்கையில் பிரதி எண்ணிக்கை இல்லையென்றால் அந்த அறிக்கை போதாது.

அடுத்தது மருந்து மோதல். இதைத்தான் இந்தியக் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மோதும் மருந்துகள் எல்லாம் தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பவை.

படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், டெர்பினாஃபைன். தொண்டைக்கும் சளிக்கும் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின். ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம். இவை எலிக்ளுஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். அளவு மிகும்போது இதயத்தின் மின்துடிப்பு இடைவெளிகள் நீளும். உடைக்கும் வகையையும் மோதும் மருந்தையும் பொறுத்து அளவைப் பாதியாக்க வேண்டும், அல்லது எலிக்ளுஸ்டாட்டை நிறுத்த வேண்டும். சில சேர்க்கைகளுக்கு முழுத் தடையே உண்டு.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த் திசையில் வேலை செய்யும். எலிக்ளுஸ்டாட்டை வேகமாக உடைத்துப் பயனற்றதாக்கும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் இரண்டும் அப்படியே. ஆறு மாதக் காசநோய் மருத்துவம் தேவைப்பட்டால் அந்தக் காலம் முழுக்க ஊசிக்குத் திரும்புவதே சரியான வழி. மறுபக்கம், மெட்டோப்ரோலால், டிகாக்ஸின் ஆகியவற்றின் அளவை எலிக்ளுஸ்டாட் உயர்த்தும். கிரேப்ஃப்ரூட் சாறு கூடாது, அதன் நெருங்கிய உறவான பம்ப்ளிமாஸையும் தவிர்ப்பது நல்லது.

தொடங்கும் முன் இசிஜி எடுக்க வேண்டும். இதயக் கோளாறு, மின்துடிப்பு இடைவெளி நீண்ட பிறவிக் கோளாறு, இதயத் துடிப்பைச் சீராக்கும் சில மருந்துகள் இருந்தால் இந்த மருந்து வேண்டாம். கேப்சூலை உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. வயிற்று எரிச்சல், தலைவலி, பேதி சிலருக்கு வரும், பெரும்பாலும் தாங்கக்கூடியவை.

மூளைக்குள் இதுவும் தங்காது, ரத்த-மூளைத் தடுப்பிலுள்ள பம்பு வெளியே தள்ளிவிடும். எனவே வகை 3க்கு இது மட்டும் போதாது. கர்ப்பத்தில் அனுபவம் குறைவு, கர்ப்பம் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே ஊசிக்கு மாறுவது வழக்கம்.

செலவுக் கணக்கில் இது எங்கே நிற்கிறது? அறிவித்த விலைப்படி ஆண்டுக்கு 3 முதல் 6 லட்சம் என்றால், அதே 50 லட்சம் ரூபாய் உதவி 8 முதல் 16 ஆண்டு வரை தாங்கும். மந்தமாக உடைப்பவருக்குக் கேப்சூல்களின் எண்ணிக்கையில் பாதி போதும், இன்னும் நீளும். பெரியவர்களின் வகை 1இல் எங்கள் தராசை மாத்திரைப் பக்கம் சாய்ப்பது, ஊசி குத்தும் வலியை விட இந்தக் கணக்குதான்.

## மிக்ளுஸ்டாட்

2002இல் ஐரோப்பாவில் வந்த பழைய மாத்திரை, 100 மில்லிகிராம் தினம் மூன்று வேளை. இதுவும் சேர்க்கும் நொதியைத் தடுக்கிறது, ஆனால் குடலில் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளையும் சேர்த்துத் தடுக்கிறது. பெரும்பாலோருக்குப் பேதி வரும், எடை குறையும். முதல் வாரங்களில் பால், சர்க்கரை போட்ட காபி, இனிப்புப் பண்டங்களைக் குறைத்தால் ஓரளவு தணியும். கை நடுக்கம் மூன்றில் ஒருவருக்கு வரும், கைகால் நரம்புப் பாதிப்பும் வரலாம். சிறுநீரகம் மந்தமானால் அளவைக் குறைக்க வேண்டும். ஆண்கள் எடுத்துக்கொள்ளும்போதும், நிறுத்திய பின் 3 மாதம் வரையும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். ஊசி ஒத்துக்கொள்ளாத, எலிக்ளுஸ்டாட்டும் பொருந்தாத பெரியவர்களுக்கு மட்டும் இதை யோசிக்கலாம். மூளைக்குள் போகும் என்பதால் வகை 3க்குப் பயன்படும் என்று எதிர்பார்த்தார்கள், சோதனையில் அது மெய்ப்படவில்லை.

## எலும்பு மஜ்ஜை மாற்று

மேக்ரோஃபேஜ்கள் மஜ்ஜையின் குருத்தணுக்களிலிருந்து வருபவை. கொடையாளியின் மஜ்ஜை ஊன்றிவிட்டால், சில மாதங்களில் உறுப்புகளில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் நொதி உள்ளவையாக மாறும். அதன்பின் ஊசி வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். வகை 3 அதிகம் காணப்படும் வடக்கு சுவீடனின் நோர்போட்டன் பகுதியில், ஊசி வருவதற்கு முன்பே சில குழந்தைகளுக்கு இதைச் செய்திருக்கிறார்கள்.

ஒருமுறைச் செலவு என்பதால் ஊசியின் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடும்போது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் விலை வேறு நாணயத்தில் வாங்கப்படுகிறது. சிகிச்சையிலேயே உயிர் போகும் அபாயம் உண்டு. கொடையாளியின் அணுக்கள் உடலைத் தாக்கும் நிலை வரலாம். முன்தயாரிப்பு மருந்துகளால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு இல்லாமல் போகலாம். உடன்பிறந்தவரோடு எச்எல்ஏ என்ற திசு அடையாளம் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அதிலும் அந்த உடன்பிறந்தவருக்கே நோய் இருந்தால் கொடுக்க முடியாது. பழுதான மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்து நோய் இல்லாதவர் என்றால் கொடுக்கலாம். மாற்றுக்கு முன் சில காலம் ஊசி போட்டு மண்ணீரலைச் சுருக்கினால் மஜ்ஜை ஊன்றுவது எளிது, ஆகவே ஊசிச் செலவும் முழுக்கத் தப்பாது. ஏற்கெனவே ஏற்பட்ட மூளைச் சேதமும் எலும்புச் சேதமும் சரியாகாது.

வகை 1க்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மாத்திரையால் அடங்கும் நோய்க்கு உயிரைப் பணயம் வைப்பதில் நியாயமில்லை. எல்444பி இரண்டு பிரதி, நரம்புக் குறி இன்னும் லேசு, முழுதாகப் பொருந்தும் உடன்பிறப்பு, அனுபவமுள்ள மையம், வாழ்நாள் ஊசிக்கு வழியில்லை: இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த குடும்பத்தில் மட்டும் பேச வேண்டிய வழி இது.

## இருமல் மருந்தும் மண்ணீரல் அறுவையும்

அம்ப்ராக்சால் சளி மருந்துதான். உருக்குலைந்த நொதி சரியாக மடிந்து லைசோசோமுக்குப் போய்ச்சேர அது உதவுகிறது, மூளைக்குள்ளும் போகிறது. ஜப்பானில் வகை 3 நோயாளிகள் சிலரிடம் மிக உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்ததில் நம்பிக்கை தரும் மாற்றங்கள் தெரிந்தன. இது சளிக்குக் கொடுக்கும் அளவைப் போலப் பல மடங்கு. கடையில் கிடைக்கும் அம்ப்ராக்சால் சிரப்புகளில் பல, சால்பியூட்டமால், டெர்பியூட்டலின், குவாய்ஃபெனிசின் போன்றவை கலந்தவை. அந்த சிரப்பைப் பல மடங்காகக் கொடுத்தால் கலந்த மருந்துகளும் பல மடங்காகும், குழந்தையின் இதயம் படபடத்து ஆபத்தாகும். நிபுணரின் மேற்பார்வையில், தனி அம்ப்ராக்சால் மட்டும், ஊசிக்குத் துணையாக மட்டும்.

மண்ணீரலை எடுத்தால் தட்டணுக்கள் உடனே ஏறும். தேங்க வேண்டிய கொழுப்பு பிறகு எலும்புக்கும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். எடுத்தவர்களுக்கு எலும்புச் சாவும் நுரையீரல் ரத்த அழுத்தமும் அதிகம். உயிர் காக்கும் அவசரம் தவிர வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | நொதி ஊசி | எலிக்ளுஸ்டாட் | மிக்ளுஸ்டாட் | மஜ்ஜை மாற்று |
|---|---|---|---|---|
| யாருக்கு | வகை 1, வகை 3. குழந்தைகள், கர்ப்பிணிகள் | வகை 1 பெரியவர்கள் | வேறு வழியில்லாத வகை 1 பெரியவர்கள் | வகை 3இல் தேர்ந்த சிலர் |
| எப்படி | 2 வாரத்துக்கு ஒருமுறை, 1–2 மணி | தினம் 1 அல்லது 2 கேப்சூல் | தினம் 3 வேளை | ஒருமுறை |
| முன்பரிசோதனை | நரம்பு, எலும்பு | கூடுதலாக சிஒய்பி2டி6, இசிஜி | கூடுதலாக சிறுநீரகம், நரம்பு | எச்எல்ஏ, உடன்பிறப்பின் நொதி |
| மூளைக்குப் பலன் | இல்லை | இல்லை | நிரூபணமில்லை | ஏற்பட்ட சேதம் சரியாகாது |
| மறைந்த செலவு | அரைக் குப்பி வீண், குளிர்ச்சங்கிலி, பயணம் | மருந்து மோதல் | பேதி, நடுக்கம் | உயிரபாயம், மலட்டுத்தன்மை |

## யாருக்கு எது

புதிதாக நோய் தெரிந்த, வகை 1, 18 வயது தாண்டியவர்: சிஒய்பி2டி6 அறிக்கையும் இசிஜியும் சரியாக இருந்தால் எலிக்ளுஸ்டாட்டில் தொடங்கலாம். ஈமோகுளோபின் மிகக் குறைந்து, தட்டணு சரிந்து, எலும்பு வலி கடுமையாக இருப்பவருக்கு முதல் ஓராண்டு ஊசி, பிறகு மாத்திரை என்பது பாதுகாப்பான வரிசை.

குழந்தை, வகை 1 ஆனாலும் வகை 3 ஆனாலும்: ஊசி. வளர்ச்சியும் எலும்பும் காத்திருக்காது. மாத்திரை மலிவு என்பதற்காகச் சிறு குழந்தைக்குக் கேப்சூலைப் பிரித்துக் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

வகை 3: ஊசி. வழி இருந்தால் மஜ்ஜை மாற்றைப் பற்றிச் சீக்கிரம் பேச வேண்டும், நரம்புக் குறி முற்றிய பிறகு பேசிப் பயனில்லை.

வகை 2: இவற்றில் எதுவும் மூளையின் போக்கை மாற்றாது. வலி, வலிப்பு, உணவு, மூச்சு ஆகியவற்றில் குழந்தைக்கு ஆறுதல் தரும் மருத்துவமே உண்மையான மருத்துவம். இதை வெளிப்படையாகச் சொல்லாமல் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது கொடுமை.

அறிகுறியே இல்லாத, தற்செயலாகத் தெரிந்த வகை 1 பெரியவர்: மருந்தில்லாமல் ஆண்டுக்கொரு பரிசோதனையோடு காத்திருக்கலாம்.

## மருந்து வேலை செய்கிறதா, எப்போது மாற்றுவது

மண்ணீரலை விரலால் தொட்டும் அல்ட்ராசவுண்டில் நீளத்தைப் பார்த்தும் தீர்மானிக்காதீர்கள். எம்ஆர்ஐயில் கன அளவை எடுங்கள். இயல்பான மண்ணீரல் உடல் எடையில் 0.2 சதவீதம், 50 கிலோ ஆளுக்கு 100 மில்லி. 1,500 மில்லி இருந்தால் 15 மடங்கு. முதல் ஆண்டில் 30 முதல் 50 சதவீதம் சுருங்க வேண்டும். கல்லீரல் ஓரிரு ஆண்டில் 20 முதல் 30 சதவீதம். ஈமோகுளோபின் 12 முதல் 24 மாதத்துக்குள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 11, ஆண்களுக்கு 12 கிராமைத் தொட வேண்டும். எலும்பு வலி தணியவும் அதே காலம் ஆகும்.

ரத்தத்தில் பார்க்கும் குறியீடுகளில் லைசோ-ஜிபி1 நம்பகமானது. கைட்டோட்ரையோசிடேஸ் மலிவு, ஆனால் மரபிலேயே அந்த நொதி இல்லாதவர்கள் கணிசமாக உண்டு, அவர்களுக்கு அது எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். 'குறைந்துவிட்டது' என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் நொதிப் பரிசோதனை செய்யுங்கள். அக்கா மகள், மாமன் மகள் திருமண உறவு உள்ள குடும்பங்களில் மற்ற கிளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குடும்பத்தின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் 10 முதல் 12ஆம் வாரத்திலேயே நஞ்சுக்கொடித் திசுவில் பார்த்துவிடலாம்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறுகிறவர்கள் முதலில் குறைந்தது 3 மாத இருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, அதன்பின் ஊசியை நிறுத்துங்கள். ரத்த அளவுகளை 3, 6, 12ஆம் மாதங்களிலும், எம்ஆர்ஐயை 12ஆம் மாதத்திலும் பாருங்கள். மண்ணீரல் 25 சதவீதம் பெருத்தாலோ, தட்டணு 25 சதவீதம் சரிந்தாலோ, புதிதாக எலும்பு வலி தாக்கினாலோ ஊசிக்குத் திரும்ப வேண்டும். சிறப்பு மையத்தில் உங்கள் ஊசிப் பதிவை ரத்து செய்ய விடாமல், 'தற்காலிகமாக நிறுத்தம்' என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.